ஆங்கிலத்தில் ஒலியா எழுத்துக்கள்

எழுத்து என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. காதாற் கேட்கப்படும் ஒலியும் எழுத்து. கண்ணாற் காணப்படும் வரியும் எழுத்து. ஒன்றை ஒலிவடிவென்றும் மற்றொன்றை வரிவடிவென்றும் இலக்கண நூலார் பகுத்துரைப்பினும், இரண்டிற்கும் ஒரு பெயரே அமைந்திருத்தல் கருதத்தக்கது. ஒலியைக் காட்டுதற்கே வரி ஏற்பட்டது. ஒலியில்லாத இடத்தில் வரிக்கு வேலையில்லை என்பதே நம் முன்னோர் கொள்கை. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துள் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்து, எவ்வெழுத்து எங்கே பிறக்கின்றதென நாவும் பல்லும் அண்ணமும் இதழும் எண்ணிக் காட்டினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என அளவுங் குறித்தார். இத்தகைய மொழியைத் தாய்ப்பாலோடு பருகிய சிறுவன் ஒருவன் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, கத்தியைக் குறிக்குஞ் சொல்லின் முதலில் 'கே' என்னும் எழுத்து நிற்கக் கண்டு, அதனைக் 'க்நைப்' என்று வாசிப்பானாயின் அவன்மேற் குற்றம் என்னை? தன் மொழி தனக்குக் கற்பித்த நீதியின்படியே அவன் வாசித்தான்.

இதனை யாம் விளையாட்டாக எழுதினோமில்லை. ஒரு வகுப்பில், நாட்டுப்புறத்திலிருந்து வந்த மாணாக்கர் ஒருவர், அறிவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் 'க்நவ்லெட்ஜ்' என்று உரக்கப் படிக்க, வகுப்பு முழுவதும் நகைத்தது. ஆசிரியரும் உடன் நகைத்தார். அவ்வாண்டு முடியுமளவும் அம்மாணாக்கர் வாய்விட்டு ஒரு வரியும் படித்தாரல்லர். நகைத்தவர்களுள் ஒருவரேனும் அந்தக் 'கே' அங்கே ஏன் நிற்கின்றதென அறிந்திருந்தாரோ எனின், அதுவும் இல்லை. அறியாதது இருசாரார்க்கும் பொதுவாயிருக்க, நாணம் மட்டும் ஒருவர்க்கே உரியதாயிற்று. எனவே, ஒலியாத எழுத்துக்கள் எவ்வாறு ஆங்கிலத்திற் புகுந்தன, அவை அங்கே செய்யுந் தொழில் யாது, தமிழில் அத்தகையன உண்டோ இல்லையோ என்பவற்றை ஒருவாறு ஆராய முற்பட்டோம்.

முதற்கண் அறியற்பாலது, அக் 'கே' ஒருகாலத்தில் ஒலித்த எழுத்தென்பது. கத்தி, முழங்கால், முடிச்சு, அறிதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் 'கே'யும் 'என்'னும் சேர்ந்து தொடங்குகின்றன. பழைய ஆங்கிலேயர் இவ்விரண்டையும் சேர்த்தே ஒலித்தனர். 1400-ஆம் ஆண்டில் மறைந்த சாஸர் என்னும் புலவர் காலத்திலும் அவ்வொலி உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியளவிலேதான் அது முற்றும் தேய்ந்தது. ஆங்கிலத்திற்கு உறவாகிய ஜெர்மானிய மொழியில் இன்றும் முழங்காலைக் 'க்நீ' என்றே கூறுவர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தம் தாய்மொழியில் அச்சொல்லை அவ்வாறே சொல்லியிருப்பார். ஆகவே, 'க்நைப்' என்று படித்த நம் சிறுவன் சாஸருக்கும் சீகன்பால்குக்கும் உடன்பட்டவனே. பிறந்த காலமும் இடமுமே அவனுக்கு மாறாயின.

குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கே, என், ஐ, ஜி, எச், டி என்னும் ஆறு எழுத்துக்களால் அது எழுதப்படுகின்றது, ஒலிப்பன மூன்றே. பாதி எழுத்து வாயில்லாதது! முன்னே நின்ற 'கே'யின் கதையைக் கண்டோம். நடுவே நிற்கும் 'ஜி எச்' என்னும் இணை, மிடற்றின் அருகே உரசிப் பிறக்கும் ஓரொலியைக் குறித்தது. அது கேட்போர்க்கு நம் ஆய்தத்தை நினைவூட்டும். இரவு, ஒளி, எட்டு என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களிலும் இவ்விணை உண்டு. ஜெர்மானியர் அம்மூன்றிலும் அவ்வுரசொலியை இன்றும் விடாது ஒலிக்கின்றனர். ஆங்கிலேயர் ஒலியை விட்டனர், வரியை விட்டிலர். இதனோடு நம் எண்ணுப்பெயரை ஒத்துப் பார்த்தல் இன்பம் பயக்கும். பண்டு 'இருபஃது' என்றிருந்தது இன்று 'இருபது' ஆயிற்று. ஆய்தத்தின் ஒலி போனவுடன் அதன் மூன்று புள்ளியையும் நாம் எடுத்துவிட்டோம். ஆங்கிலேயரோ எட்டென்னும் எண்ணில் தம் ஆய்தத்தை எழுதிக்கொண்டே இருக்கின்றனர்.

ஒலி போனபின்னும் வரி ஏன் தங்கிற்று? அச்சே காரணம் என்பர். காக்ஸ்டன் என்பார் 1476-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அதற்குமுன் எழுதுவோர் தத்தம் ஊர்ப்பேச்சிற்கு ஏற்ப ஒரு சொல்லைப் பலவாறு எழுதினர். அச்சுக்கூடம் வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல ஒருநிலைப்படத் தொடங்கிற்று. அக்காலத்திலேயே ஆங்கில உயிரொலிகளும் மெய்யொலிகள் சிலவும் பெருமாறுதல் அடைந்து கொண்டிருந்தன. எழுத்து நின்றது, பேச்சு நடந்தது. 1755-இல் ஜான்ஸன் தம் பேரகராதியை வெளியிட்டபோது, நின்ற எழுத்து பின்னும் இறுகிற்று. காக்ஸ்டன் அச்சுத்தொழில் பயின்றது கடல் கடந்த நாடுகளில்; பிளாண்டர்ஸ் நாட்டில் நெடுங்காலம் தங்கியிருந்தவர் அவர். அந்நாட்டு எழுத்துவழக்கின் சாயலால், ஆவியைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 'ஜி'யை அடுத்து ஓர் 'எச்' புகுந்து இன்றளவும் வெளியேறவில்லை. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் பரிசுத்த ஆவியைக் குறிக்குமிடங்களில் நாம் காணும் 'எச்' இவ்வாறு வந்த விருந்தாளியே. அதற்கு ஆங்கிலேயர் நாவில் ஒருநாளும் ஒலி இருந்ததில்லை.

விருந்தாளி என்றோம், வலிந்து அழைத்து வரப்பட்டோரும் உளர். கடன் என்பதற்குரிய 'டெட்' என்னும் சொல்லில் 'டி'க்கு முன் ஒரு 'பி' நிற்கின்றது. இச்சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. ஆங்கிலேயரும் இல்லாமலே எழுதி வந்தனர். இலத்தீன் கல்வி தழைத்த காலத்தில், அச்சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லில் 'பி' இருக்கக் கண்ட புலவர்கள், தம் மொழியின் குலப்பெருமையைக் காட்ட விரும்பி அதனைக் கொணர்ந்து செருகினர். ஐயம் என்பதற்குரிய 'டவுட்' என்னும் சொல்லிலும் அவ்வாறே. வரி புகுந்தது, ஒலி புகவில்லை. பொதுமக்கள் நா புலவர்க்குப் பணியவில்லை. இதைக் குறித்து ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் நகையாடியுள்ளார். அதில் ஹாலோபெர்னீஸ் என்னும் பள்ளியாசிரியர் ஒருவர், இவ்விரு சொற்களிலும் 'பி'யை ஒலியாது விடுவோரைக் கண்டு பெரிதும் சினந்து கொள்கின்றார். எழுதியபடி ஒலிப்பதே கல்வி என்பது அவர் துணிபு. அந்நாடகத்தில் நகைக்கப்படுபவர் ஆசிரியர். எம் வகுப்பில் நகைக்கப்பட்டவர் மாணாக்கர். இருவர் கொள்கையும் ஒன்றே.

இச்செருகலிலும் புலவர் ஒருநெறிப்பட்டவரல்லர். பணம் பெற்றதற்குத் தரும் சீட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரில் 'பி' என்னும் மெல்லொலிக்குரிய எழுத்தன்றி, 'பென்' என்பதன் முதலில் வரும் வல்லொலி எழுத்து ஒன்று இலத்தீனை எண்ணிச் செருகப்பட்டது. அதனோடு ஒரு தாய் வயிற்றிற் பிறந்த வஞ்சகம், செருக்கு என்று பொருள்படும் இரண்டு சொற்களுக்கு அஃது இடப்படவில்லை. நம் கடைவீதியிலோ 'ரசீது' என்னும் பாரசீகச் சொல்லே வழங்குகின்றது. அதில் எழுதியதெல்லாம் ஒலிக்கும், ஒலிப்பதெல்லாம் எழுதப்படும். இன்னும் வேடிக்கை, தீவைக் குறிக்கும் சொல்லில் உள்ள 'எஸ்'. அச்சொல் தூய பழைய ஆங்கிலச் சொல். இலத்தீனோடு அதற்கு உறவே கிடையாது. தீவுக்குரிய இலத்தீன் சொல்லில் 'எஸ்' உண்டு என்னும் நினைவால், பிரெஞ்சு வழிவந்த வேறொரு சொல்லைப் பார்த்து, இதற்கும் அதனைக் கொடுத்துவிட்டனர். இஃது இல்லாத பாட்டனார்க்குத் திதி கொடுத்தது போலாம்.

இனி, தான் ஒலியாது பிறவற்றை ஒலிப்பிக்கும் எழுத்தும் உண்டு. பெயர் என்பதற்குரிய 'நேம்' என்னும் சொல்லின் ஈற்றில் ஓர் 'ஈ' எழுதுவர். சாஸர் காலத்தில் அதற்கு மெல்லிய ஒலி இருந்தது. பின்னர் அவ்வொலி அவிந்தது; ஆயினும் 'ஈ' முன்னுள்ள உயிரை நெட்டொலியாகப் படிக்கச் செய்யும் குறியாக நிலைத்தது. தொப்பியைக் குறிக்கும் சொல்லின் ஈற்றில் அவ்வெழுத்தைச் சேர்த்தால் அது வெறுப்பாகிவிடும். குறிலை நெடிலாக்கும் நம் துணைக்கால் தனியே ஒலிப்பதுண்டோ? ஒலிப்பதில்லை என்று அதனைப் பயனற்றதென்பார் ஒருவரும் இலர். இவ்வுவமையைச் சிறுவரிடம் சொன்னால் அவர் முகம் உடனே மலர்வதை யாம் கண்டிருக்கின்றோம்.

மாலை வேளைகளில் கோரிப்பாளையத்துச் சிறுவர் சிலர்க்கு யாம் பாடஞ் சொல்வதுண்டு. அவர்களுள் ஒரு சிறுமி, கையொப்பமிடுதலையும் அடையாளத்தையும் குறிக்கும் 'சைன்' என்னும் சொல்லில் 'ஜி' எதற்கு என்று வினவினாள். யாம் விடைகூறாது, வைகைப்பாலத்தின் வடகரையில், நாற்புறத்து வண்டிகளும் வந்து நெருங்கும் இடத்தில், சிவப்பும் பச்சையுமாக எரிவது யாதென்று கேட்டோம். 'சிக்னல்' என்றனள். அவ்வளவே, 'சைன்' என்பதில் வாய்மூடியிருந்த 'ஜி' 'சிக்னல்' என்பதில் வாய்திறந்து பேசுவதை அவளே கண்டுகொண்டாள். 'சிக்னேச்சர்' என்று சொல்லும்போதும் அது பேசும். இலையுதிர்காலம், கண்டனம் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் எழுதப்படும் 'என்' தனித்து நிற்கையில் ஊமை. விகுதியொன்று வந்து சேர்ந்தால் பேச்சு வரும். இத்தகைய எழுத்துக்களைப் பயனில என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தே இருமொழிக்கும் உள்ள ஆழ்ந்த வேறுபாடு ஒன்று புலப்படுகின்றது. ஒரு சொல் மற்றொன்றோடு சேரும்போது ஒலி மாறுதல் எம்மொழிக்கும் இயற்கை. மாறிய ஒலியை மாறியவாறே எழுதுதல் தமிழ் மரபு. மண்ணாலாகிய குடம் மட்குடம். பொன்னாலாகிய குடம் பொற்குடம். கடலின் கரை கடற்கரை. மரத்தின் வேர் மரவேர். மண்ணின் ணகரமும் கடலின் லகரமும் உருமாறின. மரத்தின் மகரம் மறைந்தே போயிற்று. வீடு என்பதன் ஈற்று உகரம், இல்லை என்னும் சொல் வந்தவுடன் ஓடிவிட, 'வீடில்லை' என்று எழுதுகின்றோம். ஆங்கிலேயர் வழி இதற்கு எதிரானது. சொல்லின் ஒலி எவ்வளவு மாறினும் அதன் முகத்தை மாற்றாது எழுதவே அவர் விரும்புவர். நாம் காதுக்கு எழுதுகின்றோம். அவர் கண்ணுக்கு எழுதுகின்றனர்.

எதன்கண் வருத்தம் குறைவு எனின், எளிதிற் சொல்லக்கூடியதன்று. ஆங்கிலச் சொல்லைப் பார்த்தவுடன் அதன் உறவு விளங்கும். வாயில் வருவது கடினம். தமிழ்ச்சொல்லை எழுத்தறிந்தார் எவரும் படித்துவிடலாம். 'மட்குடம்' என்பதை அகராதியில் தேடப் புகுந்த அயலாரோ, புணர்ச்சி இலக்கணம் அறியாக்கால் 'மட்' என்பதிலேயே நின்று திகைப்பர். 1834-இல் மதுரையில் வந்து பணிதொடங்கிய அமெரிக்கத் தொண்டர்களுக்கும் இத்தடை எதிர்ப்பட்டே இருக்கும். 'கே' என்னும் எழுத்தைக் கண்டு நம் சிறுவர் பட்ட பாடும், 'பொற்குடம்' என்பதைக் கண்டு அவர் பட்ட பாடும் நிறையில் ஒத்தனவாகவே எமக்குத் தோன்றுகின்றன. ஆயினும் புணர்ச்சி விதிகளை நன்னூலார் எண்ணி எழுதிவைத்தார். கற்பான் ஒருமுறை கற்றால் போதும். ஆங்கிலத்து ஒலியா எழுத்துக்கு அவ்வாறு முற்றமைந்த விதி இல்லை. சொற்றோறும் வரலாறு தேடவேண்டும். ஆதலின் எம் தாய்மொழிப் பக்கமே எம் மனம் சாய்கின்றது; இதனை மறைத்தல் வேண்டா.

கிறிஸ்தவர் வீடுகளில் வழங்கும் பெயர்களிலும் ஒலியா எழுத்துக்கள் பல உள. தோமா என்று நம் வேதாகமம் கூறும் பெயரை ஆங்கிலர் 'டி'யை அடுத்து 'எச்' இட்டு எழுதி, 'டாமஸ்' என்று சொல்வர். அவர்க்கு அந்த 'எச்' ஊமை. நம் நாட்டாரோ அதே எழுத்துக்களைக் கண்டு 'தாமஸ்' என்பர். நமக்கு அந்த 'எச்' ஊமையன்று, டகரத்தைத் தகரமாக்கும் குறி. கிரேக்கத்தில் அவ்விடத்தே 'டி' அன்று, தகரத்திற்கு இனமான வேறோர் எழுத்தே நின்றது. எனவே மூலத்திற்கு அணித்தாயிருப்பது லண்டனார் உச்சரிப்போ நம் தெருவார் உச்சரிப்போ என்பதைப் படிப்போரே தெளிக. யோவானுக்குரிய ஆங்கிலப் பெயரில் வரும் 'எச்'சும் ஒலியாது. எபிரெயத்தில் 'யோகனான்' என்பதுபோல் ஒலிக்கும் மூலப்பெயரின் நடுவே நின்ற ஒலிக்கு அது நினைவுக்கல். சங்கீதத்தைக் குறிக்கும் 'சாம்' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் ஊமை எழுத்தும் கிரேக்கர் 'ப்ஸ்' என்று ஒலித்ததன் மிச்சமே.

'எச்' என்னும் இவ்வெழுத்தினால் நம் ஊர்ப்பெயர்களுக்கு விளைந்தது சிறிதன்று. தமிழில் தகரமும் டகரமும் வெவ்வேறு எழுத்துக்கள். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் உள்ளது ஒரு 'டி'. ஆகவே தகரத்தைக் காட்ட 'டி'யுடன் 'எச்' சேர்க்கும் வழக்கம் தென்னாட்டில் உண்டாயிற்று. தல்லாகுளத்தை 'எச்' இல்லாது எழுதினால் புதியவர் 'டல்லாகுளம்' என்பர். 'எச்' சேர்த்து எழுதினால், வடநாட்டார் அதனை மூச்சுக்கலந்த தகரமாகப் படிப்பர். ழகரத்திற்கு 'இஸட்', 'எச்' என்னும் இரண்டையும் சேர்த்து எழுதுவது இன்னும் விந்தை. கோழிக்கோட்டை அவ்வாறு எழுதிய இடத்தில், அவ்விரண்டில் ஒன்றன் ஒலியேனும் கேட்கப்படுவதில்லை. இரண்டும் தம் ஒலியை விட்டு மூன்றாவதொன்றுக்கு இடங்கொடுத்து நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழ்நாட்டு அரசினர் ஓர் ஆணை வெளியிட்டனர். அதில் கோயம்புத்தூரின் தகர ஒற்றுக்கு ஒரு 'எச்', அடுத்த தகர உயிர்மெய்க்கு ஒரு 'எச்' என இரண்டு நின்றன. தமிழ்க்கணக்கில் அது முற்றும் செம்மையானதே. தமிழறியாதார் நாவுக்கோ முள்வேலி போலாயிற்று. பலரும் குறைகூற, அம்மாதத்திலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

இதனை ஒத்த நிகழ்ச்சியொன்று அமெரிக்காவில் நடந்துள்ளது. 1906-இல் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், முந்நூறு சொற்களை எளிய எழுத்தில் அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்துக்குக் கட்டளையிட்டார். 'த்ரூ', 'தோ' என்னும் சொற்களின் ஈற்றில் வீணே நிற்கும் 'ஜி எச்' இணையை நீக்குவதும் அதில் அடங்கும். பத்திரிகைகள் நகைத்தன, மக்கட்பிரதிநிதிகள் எதிர்த்தனர், ஆண்டு முடியுமுன் கட்டளை அடங்கிற்று. அவர்க்கு முன் வெப்ஸ்டர் என்னும் அறிஞர் 1828-இல் வெளியிட்ட அகராதியின் வாயிலாக நிறம், மானம் என்னுஞ் சொற்களில் 'யூ'வை நீக்கியது மட்டும் அந்நாட்டில் நிலைபெற்றது. நாவைக் குறிக்கும் சொல்லின் ஈற்றெழுத்துக்களை நீக்க அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. நாவே தன் பெயரைத் திருத்த ஒருப்படவில்லை போலும்!

இவ்வளவும் படித்தபின், தமிழில் ஒலியா எழுத்தே கிடையாது என்று பெருமை பேச யார்க்கும் தோன்றலாம். சற்றுப் பொறுத்து, தம் வாயைத் தாமே உற்றுக் கேட்பாராக. 'மரம்' என்று எழுதுகின்றோம். பேச்சில் இதழ்கள் இரண்டும் குவிந்து மகரம் பிறக்கின்றதோ? இல்லை, ரகரத்தின்மேல் ஏறிய அகரம் மூக்கொலி பெற்று நின்றுவிடுகின்றது. 'நான்' என்பதன் ஈற்று னகரமும் அவ்வாறே மூக்கிற் கரைகின்றது. 'அவள்' என்பதன் ளகரம் 'அவ வந்தா' என்னும்போது எங்கே? மதுரைத் தெருக்களில் பழம் விற்பார் வாயில் ழகரம் ளகரமாகின்றது. ஒன்று மட்டும் வேறுபாடு: ஆங்கிலத்துக் 'கே' மேடையிலும் ஆலயத்திலும் அரங்கிலும் எங்கும் ஊமை, நம் மகரமும் ளகரமும் வீதியில் உறங்கினாலும், புத்தகத்தைக் கையிலெடுத்து வாய்விட்டுப் படித்தவுடன் விழித்தெழுகின்றன. நம் மொழிக்கு வீட்டுநா ஒன்று, ஏட்டுநா ஒன்று என இரண்டு உண்டு. ஏட்டுநா ஓயுமாயின், மரத்தின் மகரம் ஆங்கிலத்துக் 'கே'யின் நிலையை அடைதற்கு நெடுநாள் செல்லாது.

இத்தேய்வை நம் இலக்கணத்தார் அறியாதவரல்லர். 'போன்ம்' என்னும் சொல்லின் மகரம் அரைமாத்திரையிற் குறைந்து கால்மாத்திரையே பெறும் எனக் கண்டு, அதற்கு மகரக்குறுக்கம் என்று பெயரிட்டனர். குற்றியலுகரத்துக்கு அரை, ஆய்தக்குறுக்கத்துக்குக் கால். ஒலி முழுதும் இருந்தால் ஒன்று, இல்லையேல் இன்மை என்று அவர் கணக்கை முடித்துவிடவில்லை. இருத்தலுக்கும் இன்மைக்கும் நடுவே உள்ள படிகளையும் அளந்தனர். ஆங்கிலத்தில் 'கே' படிப்படியாகத் தேய்ந்த காலத்தில் பவணந்தியார் போன்ற ஒருவர் அந்நாட்டில் இருந்திருப்பின், அது அரையாகிக் காலாகி அவிந்த வரலாறு நமக்கு அளவோடு கிடைத்திருக்கும்.

நம் நகரின் பெயரே இதற்குச் சான்று. 'மதுரை' என்பதன் ஈற்றில் நிற்கும் ஐகாரம் தனக்குரிய இரண்டு மாத்திரையில் ஒன்றை இழந்து ஒலிக்கும், இஃது ஐகாரக்குறுக்கம். சிற்றூர்களிலிருந்து வண்டியேறி வருவோர் பேச்சில் அது மேலுங் குறுகி, அகரமாகவே முடிந்து, 'மதுர' என்று நிற்கும். பழைய ஆங்கில ஆவணங்களிலும் நூல்களிலும் நம் ஊர் 'மதுரா' என்பதற்குரிய எழுத்துக்களாலேயே குறிக்கப்பட்டது. பின்னர் ஈற்றில் 'ஐ' சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. அதனைத் திருத்தம் என்று கொண்டாடுவர். ஏட்டுக்கு அது திருத்தமே. வீதிக்கோ பழைய எழுத்தே ஒத்திருந்தது. இன்று புகைவண்டி நிலையத்துப் பலகையில் ஆங்கிலத்தில் நாம் காணும் கடையெழுத்து, அங்கே மூட்டையுடன் இறங்குவோரில் பெரும்பாலார் வாயில் ஒலிப்பதில்லை. ஒலியா எழுத்தைத் தேடிக் கடல் கடந்து சென்றோம்; அது நம் வாயிற்படியிலேயே நிற்கின்றது.

கோரிப்பாளையத்தின் பெயரில் இதற்கு நேர்மாறானது உண்டு. அங்குள்ள தர்காவில் அடக்கமாகியிருப்போரின் கல்லறைகளை ஒட்டியே அவ்வூர்ப்பெயர் எழுந்ததென்பர்; பாரசீகத்தில் 'கோர்' என்பதற்குக் கல்லறை என்று பொருள். அச்சொல்லின் முதலெழுத்து வல்லோசைக் ககரமன்று. 'தங்கம்' என்பதன் நடுவே கேட்கும் மெலிந்த ககரம். தமிழில் அவ்வொலி சொல்லுக்கு முதலில் வாராதாகையால் அதற்குத் தனி வரியும் இல்லை. 'கோயில்' என்பதற்கு எழுதும் எழுத்தையே இதற்கும் எழுதுகின்றோம். ஆங்கிலப் பலகையோ 'கே' இடாது 'ஜி' இட்டு அதனை வேறுபடுத்திக் காட்டுகின்றது. எழுத்திருந்து ஒலியில்லாமை அவர்க்கு. ஒலியிருந்து எழுத்தில்லாமை நமக்கு. எம்மிடம் படிக்கும் சிறுவரை அவ்விரண்டு பெயர்களையும் தமிழில் எழுதி வாசிக்கச் சொன்னோம். கோயில் என்பதை வல்லோசையோடும், தம் ஊர்ப்பெயரை மெல்லோசையோடும், ஒருவரும் தவறாது வாசித்தனர். எழுத்து ஒன்றாயிருக்க ஒலி இரண்டானது எவ்வாறு என்று வினவியபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்; அப்படி ஒரு வேறுபாடு உண்டென்பதே அன்றுவரை அவர்கள் காதில் பட்டதில்லை.